விரலுக்கும் கல்வி வேண்டும்

இசை பயிலத் தொடங்கும் மாணவர்க்கு முதற்பகையாய் வந்து நிற்பது அவசரம். பாடத்தைத் தொடங்கிய மறுவாரமே விரல்கள் பறக்க வேண்டும் என்று விரும்புவோர் பலர். அது கைகூடாதபோது, 'எனக்கு இசை வாராது' என்று கருவியை மூடிவைத்து விடுகின்றனர். உண்மையில் அவர்களுக்கு வாராதது இசையன்று, பயிலும் முறையே.

அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தோன்றிய ஜாஸ் இசைக்கும் நம் கருநாடக இசைக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. முன்னரே எழுதிவைக்காததை அவையிலேயே புனைந்து வாசிப்பது இரண்டிற்கும் பொதுவான சிறப்பு. நாம் அதனைக் கற்பனை ஸ்வரம் என்கிறோம். உள்ளத்தில் தோன்றியதை அக்கணமே விரல் சொல்ல வேண்டுமாயின், விரல் முன்னரே கல்வி பெற்றிருத்தல் வேண்டும் அன்றோ? அதனால்தான் ஜாஸ் பியானோ பயில்வோர் ஒரு சிறு தொடரை எடுத்துக்கொண்டு, பன்னிரண்டு சுருதிகளிலும் அதனை மாற்றி மாற்றி வாசிக்கின்றனர். பிரான்சு நாட்டு ஹானோன் 1873இல் வெளியிட்ட 60 விரற்பயிற்சிகளும் இந்நோக்கில் எழுந்தவையே.

நம் நாட்டில் இப்பணியைச் செய்வது ஸரளி வரிசை. இதனை வகுத்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. இது மாயாமாளவகௌளை இராகத்தில் அமைந்தது. பியானோவில் ஒரு கட்டையை ஸட்ஜமாகக் கொண்டு இதனை வாசித்துப் பாருங்கள். ரிஷபமும் தைவதமும் மட்டுமே கறுப்புக் கட்டைகள், ஏனையவை வெள்ளை. ஸ ரி க ம என்னும் நான்கிற்கும் இடையே உள்ள தொலைவே ப த நி ஸ என்பவற்றிற்கு இடையேயும் அமைந்துள்ளது. ஒரு பாதியைக் கற்ற கைக்கு மறுபாதி எளிதாகும்.

இனி, மூன்று காலங்களைக் கவனிப்போம். ஆதி தாளத்திற்கு எட்டு அட்சரம். முதற்காலத்தில் ஓர் அட்சரத்திற்கு ஒரு ஸ்வரம், இரண்டாங்காலத்தில் இரண்டு, மூன்றாங்காலத்தில் நான்கு. தாளம் போடும் கையின் வேகம் மாறலாகாது. ஸ்வரங்களின் செறிவு மட்டுமே மாறும். மூன்றாங்காலத்தில் விரல் இடறினால், முதற்காலத்திற்குத் திரும்புங்கள். அது தோல்வியன்று, இடறிய இடம் எதுவென்று அங்கேதான் தெளிவாகப் புலப்படும். அகல உழுவதினும் ஆழ உழுவதே மேல் என்பதை நம் வைகைக் கரை உழவர் அறிவர்.

அளவறியாப் பயிற்சி தீங்கும் செய்யும். ஜெர்மானிய இசைமேதை ஷூமான், 1830களின் தொடக்கத்தில் வலக்கை விரல் பழுதுற்றமையால், பியானோ வாசிப்பாளராகும் எண்ணத்தையே கைவிட நேர்ந்தது. மிகையான பயிற்சியும் அதற்கு ஒரு காரணம் என்பர். ஆதலின் விரல் வலித்தால் நிறுத்துக. நாள்தோறும் அரைமணி நேரம் பயில்வது, வாரத்தில் ஒருநாள் நான்குமணி நேரம் வருந்துவதினும் நன்று.

மதுரை மணி ஐயர் (1912–1968) கற்பனை ஸ்வரத்தில் பெரும்புகழ் எய்தியவர். அவர் ஸ்வரங்கள் கணக்கின் சிக்கலைக் காட்டி மருட்டாமல், தாளத்தின் இயல்பான நடையோடு ஒழுகிச் செல்வன. அவருடைய ஒலிப்பதிவுகளைக் கேளுங்கள். பின்னர் நீங்களும் ஓர் ஆவர்த்தனத்திற்கு மட்டும் ஸ்வரம் புனைந்து, பாட்டின் எடுப்பிற்குச் சரியாக வந்து சேர முயலுங்கள். ஒன்று கைவந்தபின் இரண்டு. இரண்டு கைவந்தபின் நான்கு.

மெல்லத் தெளிவாக வாசிக்க இயலாத ஒன்றை, விரைவாக வாசிக்க இயலாது. இதனை மறவாத மாணவன் கருவியை மூடிவைக்க மாட்டான்.