மரமேறுவோர்க்குரிய கயிறும் காப்பும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த நிலங்களிற் பெரும்பகுதி வீட்டுமனைகளாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறிவிட்டது. ஆயினும் மரங்கள் முற்றும் மறைந்துவிடவில்லை. ஏரிக்கரைகளில் பனையும், தோட்டக்கால்களில் தென்னையும் மாவும், சாலையோரங்களில் புளியும் தூங்குமூஞ்சியும், வீட்டுப் புறக்கடைகளில் வேம்பும் முருங்கையும் இன்றும் நிற்கின்றன. இவற்றில் காய் பறிக்கவும், காய்ந்த மட்டை கழிக்கவும், முறிந்த கிளையை இறக்கவும் ஆண்டு முழுவதும் ஆள் தேவைப்படுகிறது. மரமேறத் தெரிந்தவர்களோ வரவர அருகி வருகின்றனர். இருக்கும் சிலரும் ஒரு பழங்கயிற்றையும் அரிவாளையும் நம்பியே உச்சிக்குச் செல்கின்றனர்.

2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னைக்கருகே கரையைக் கடந்தபோது, மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் அடித்த காற்றில் நகரிலும் புறநகர்களிலும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. வேர் ஆழமில்லாத மயிற்கொன்றை, பெருங்கொன்றை முதலியவை அதிகமாக விழுந்தன. விழுந்த மரத்தை அறுத்து அகற்றுவது ஒரு வேலை. விழாமல் முறிந்து, மேலே மற்றொரு கிளையில் தொங்கிக்கொண்டிருந்த கொம்புகளை இறக்குவது அதைவிட அபாயமான வேலை. இத்தகைய வேலைக்கு ஏறுகிறவன் உயிருக்கு என்ன காப்பு என்பதை வேலைக்கு அழைக்கும் நிலச்சொந்தக்காரர் முன்னதாகவே சிந்தித்தல் வேண்டும்.

20 அடி உயரத்திலிருந்து விழுபவன் தரையைத் தொடும்போது அவன் வேகம் மணிக்குச் சுமார் 39 கிலோமீட்டர். 40 அடியிலிருந்து விழுந்தால் சுமார் 55 கிலோமீட்டர். ஓடும் மோட்டார் வண்டியிலிருந்து கட்டாந்தரையில் வீசப்படுவதற்கு இது ஒப்பாகும். முதுகெலும்பு முறிந்தவன் பிழைத்தாலும் மீண்டும் உழைப்பது அரிது. ஒரு நாட்கூலிக்காக ஏறியவனுடைய குடும்பம் வாழ்நாள் முழுவதும் அந்த நஷ்டத்தைச் சுமக்க நேரிடுகிறது.

பழைய முறையும் அதன் குறையும்

பனையேறும் தொழிலாளர் காலில் தளையை மாட்டி, மரத்தை மார்போடு அணைத்து ஏறுவது நெடுங்காலப் பழக்கம். பயின்றவர்களுக்கு இது விரைவான முறையென்பதில் சந்தேகமில்லை. ஆனால் தளை என்பது பாதத்துக்குப் பிடிப்புத் தருவதேயன்றி, கை தவறினால் உடலைத் தாங்குவதன்று. மழைக்காலத்தில் தென்னந்தண்டிற் பாசி படரும்போதும், விடியற்காலைப் பனியில் மட்டையடி நனைந்திருக்கும்போதும், குளவி கொட்டிக் கை நழுவும்போதும் இக்குறை வெளிப்படுகிறது.

சிலர் இடுப்பில் மட்டும் ஒரு கயிற்றைச் சுற்றி மரத்தோடு கட்டிக்கொள்கின்றனர். கயிறே இல்லாததற்கு இது மேலெனினும் போதுமானதன்று. விழும்போது முழு எடையும் வயிற்றில் இறங்குவதால் உள்ளுறுப்புகள் சேதமடையலாம். உடல் தலைகீழாகப் புரளவும் கூடும். ஆகையால் இடுப்பையும் இரு தொடைகளையும் சேர்த்துத் தாங்கும் வார்ப்பட்டையே மரவேலைக்கு ஏற்றது. தடுமாறி விழ நேரும் இடங்களில் தோள்களையும் சேர்த்துப் பிணைக்கும் முழுவுடல் வார்ப்பட்டை உசிதம். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 3521 என்னும் தரம் வார்ப்பட்டைகளுக்கும், ஐ.எஸ். 2925 தலைக்கவசத்துக்கும் உரியவை. வாங்கும்போது இம்முத்திரைகளைப் பார்த்து வாங்குதல் வேண்டும்.

கயிற்றின் தேர்வு

தென்னை நார்க்கயிறு சுமை கட்டுவதற்கு நல்லது. மனிதன் தொங்குவதற்கு ஏற்றதன்று. அது மழையில் நனைந்து உள்ளே மக்குவதை வெளியிலிருந்து கண்டறிய இயலாது. கவலை இழுத்த வடம், லாரியிற் சுமை கட்டிய கயிறு, மாடு பூட்டிய கயிறு ஆகியவையும் அவ்வாறே விலக்கத்தக்கவை. அவை எவ்வளவு இழுபட்டன, எங்கே நைந்தன என்பதை ஒருவரும் அறியார்.

மரமேறுவதற்கென்றே செய்யப்படும் நைலான் அல்லது பாலியெஸ்டர் கயிறு 11 முதல் 13 மில்லிமீட்டர் வரை பருமன் உடையது. உள்ளே சுமை தாங்கும் இழைகளும், வெளியே அவற்றைக் காக்கும் பின்னலுறையும் கொண்டது. ஐரோப்பியத் தரப்படி இவ்வகைக் கயிறு ஏறக்குறைய 2,200 கிலோகிராம் இழுவிசைக்கு அறாமல் நிற்றல் வேண்டும். ஒரு மனிதனுக்கு இவ்வளவு பலம் எதற்கு என்று கேட்கலாம். முடிச்சு போட்ட இடத்தில் கயிற்றின் பலம் மூன்றிலொரு பங்குவரை குறைகிறது. நனைந்த நைலான் மேலும் சிறிது பலமிழக்கிறது. வெயிலும் உராய்வும் நாளடைவில் எஞ்சியதைத் தேய்க்கின்றன. இவை போக, தொய்ந்த கயிற்றில் விழுபவன் தன் எடையைப்போற் பல மடங்கு விசையோடு அதை இழுக்கிறான்.

நைலானுக்கு வெப்பம் பகை. அதன் வகைக்குத் தக்கபடி சுமார் 215 முதல் 260 டிகிரி சென்டிகிரேடுக்குள் அது உருகும். அசையாமல் நிற்கும் கயிற்றின் ஒரே இடத்தில் மற்றொரு கயிறு வேகமாக ஓடினால், அவ்வுராய்வே ரம்பம்போல் அதனை அறுத்துவிடும். ஆகவே கயிற்றோடு கயிறு உராயும்படி எவ்விடத்தும் மாட்டுதல் கூடாது.

கிளைமரத்தில் ஏறும் முறை

புளி, மா, வேம்பு போன்ற கிளைமரங்களில் ஏறுவோர் இரட்டைக்கயிற்று முறையைக் கையாளலாம். முதலில் சிறு எடை கட்டிய மெல்லிய நூற்கயிற்றை உறுதியான கவட்டைக்கு மேலாக எறிந்து, அதன் வாயிலாகப் பெருங்கயிற்றை இழுத்துக்கொள்ள வேண்டும். கயிற்றின் ஒரு முனை வார்ப்பட்டையில் இணைக்கப்படும். மறுபுறம் இறங்கும் கயிற்றின்மீது ஓர் உராய்வு முடிச்சு இடப்பட்டு, அதுவும் வார்ப்பட்டையோடு பிணைக்கப்படும். இம்முடிச்சு கையால் தள்ளும்போது நகரும். உடல் எடை விழுந்தவுடன் கயிற்றை இறுகப் பற்றிக்கொள்ளும். ஏறுபவன் கை நழுவினாலும் முடிச்சு நழுவாது என்பதே இம்முறையின் சாரம்.

ஆஸ்திரிய மலையேறியான கார்ல் புருசிக் 1931இல் விளக்கிய முடிச்சு இவ்வகையில் பெயர் பெற்றது. மரவேலை செய்வோரிடையே பிளேக் முடிச்சு பெரிதும் வழங்குகிறது. எந்த முடிச்சாயினும் தரையில், இடுப்பளவு உயரத்தில் தொங்கிப் பழகிய பின்னரே மேலே செல்லுதல் வேண்டும். கயிற்றின் கடைசியில் எட்டு முடிச்சு ஒன்று அவசியம். அஃதில்லாவிடில், கயிறு தரையை எட்டாதபோது இறங்குபவன் முனையைத் தாண்டி விழ நேரிடும்.

கயிறு தொங்கும் கவட்டை பச்சையாகவும், 4 அங்குலத்துக்குக் குறையாத பருமனுடையதாகவும், தாய்த்தண்டுக்கு அருகிலும் இருத்தல் வேண்டும். முருங்கையும் இலவும் எளிதில் ஒடிபவை. அவற்றின் கிளைகளை நம்புதல் ஆகாது. ஏறுமுன் இருவர் சேர்ந்து கயிற்றில் தொங்கிப் பார்ப்பது நல்ல வழக்கம். அப்போது மேலே ஒடியும் ஓசை கேட்டால் வேறு கவட்டையைத் தேடுக.

தென்னையிலும் பனையிலும்

இம்மரங்களுக்குக் கவட்டை இல்லை. ஆகையால் தண்டைச் சுற்றி வரும் இரண்டு கயிறுகள் தேவை. மட்டையடியையோ குலையையோ கடந்து செல்ல ஒன்றை அவிழ்க்கும்போது, மற்றொன்று மரத்தைத் தழுவியே இருத்தல் வேண்டும். இரண்டையும் ஒருசேர அவிழ்க்கும் கணமே ஆபத்துக்குரிய கணம்.

தென்னைக்கு மிதித்தேறும் கருவிகள் வழக்கில் உள்ளன. கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியில் தோன்றிய மாதிரி பரவலாக அறியப்பட்டது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011ஆம் ஆண்டு தொடங்கிய ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ திட்டத்தில் இத்தகைய கருவிகொண்டு ஏறுவதற்கு ஆறு நாள் பயிற்சி அளிக்கப்பட்டது. கருவியில் ஏறினாலும் தண்டைச் சுற்றிய காப்புக் கயிறு தனியே இருத்தல் வேண்டும். கருவி ஏறுவதற்கு; கயிறு விழாமலிருப்பதற்கு.

காலில் இரும்பு முள் கட்டி ஏறும் வழக்கம் சில இடங்களில் உண்டு. தென்னைத் தண்டில் உண்டான காயம் ஒருகாலும் மூடாது. கிளைமரங்களில் அக்காயத்தின் வழியே அழுகல் புகும். வெட்டிச் சாய்க்கப்போகும் மரத்தில் மட்டுமே முள் தகும்.

உச்சியில் வேலை செய்யும்போது

ஏறுவதைவிட அறுப்பதில் அபாயம் மிகுதி. அரிவாளோ ரம்பமோ ஓங்கும்போது தன் கயிற்றையே அறுத்துக்கொள்வோர் உண்டு. ஆதலால் அறுக்கும் வேளையில் தலைக்கயிற்றோடு பக்கக் கயிறு ஒன்றும் மரத்தைச் சுற்றிக் கட்டப்பட்டிருத்தல் வேண்டும். இயந்திர ரம்பம் வைத்திருப்பவர் உள்ளே எஃகுக்கம்பி ஓடும் பக்கக் கயிற்றை உபயோகிப்பது மேல். அரிவாளை உறையிலிட்டு ஒரு சிறு கயிற்றால் இடுப்போடு பிணைத்தல் வேண்டும். கீழே எறிதல் கூடாது.

பெருங்கிளையை மூன்று வெட்டாக இறக்குவதே முறை. தண்டிலிருந்து ஓரடி தள்ளி அடிப்புறத்தில் முதல் வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேற்புறத்தில் இரண்டாவது வெட்டு. கிளை விழுந்தபின், அடியில் வளையம்போல் தடித்திருக்கும் பகுதியை விட்டு, எஞ்சிய குச்சத்தை மூன்றாவதாக அறுக்க வேண்டும். இவ்வாறு செய்தால் பட்டை உரிந்து தண்டில் நீளக் கிழியாது. காயமும் விரைவில் மூடும். கூரைக்கு மேலுள்ள கிளையைத் தனிக்கயிற்றிற் கட்டி, அக்கயிற்றை அடிமரத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிப் பிடித்து மெல்ல இறக்கலாம். ஆள் தொங்கும் கயிறு வேறு, கிளை இறக்கும் கயிறு வேறு. ஒன்றை மற்றொன்றாக உபயோகித்தல் கூடாது.

மின்கம்பியின் அருகில்

புறநகர்ப் பகுதிகளில் மின்கம்பி படராத தெரு இல்லை. கம்பிக்கு 10 அடிக்குள் கிளை சென்றிருந்தால் மின்வாரியத்துக்குத் தெரிவித்து, மின்சாரம் நிறுத்தப்பட்டது என உறுதிசெய்த பின்னரே ஏறுதல் வேண்டும். ஈரக்கயிறும் பச்சைக்கிளையும் மின்சாரத்தைக் கடத்தும். அலுமினியத் தொறட்டியோ இரும்பு ஏணியோ கம்பிக்கருகில் உதவாது.

கீழே நிற்பவன்

மரமேறுபவன் தனியே ஏறுதல் கூடாது. கீழே ஒருவன் தலைக்கவசத்தோடு, வெட்டப்படும் கிளையின் நீளத்தைப்போல் இருமடங்கு தூரத்துக்கு அப்பால் நின்று, குழந்தைகளும் ஆடுமாடுகளும் அருகில் வாராமற் பார்த்துக்கொள்ள வேண்டும். அவனுக்கும் மரமேறத் தெரிந்திருப்பது நலம். மேலே மயங்கியவன் வார்ப்பட்டையில் அசைவின்றித் தொங்கினால், கால்களில் இரத்தம் தேங்கிச் சில நிமிஷங்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரலாம். தாமதியாமல் ஏறி இறக்குவதற்கு ஆளும் மற்றொரு கயிறும் கீழே ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

எவரேனும் விழுந்துவிட்டால் கையைப் பிடித்து எழுப்புதலோ, ஆட்டோவில் மடக்கிக் கிடத்துதலோ கூடாது. தலையையும் கழுத்தையும் அசையாமற் பிடித்துக்கொண்டு 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

பாதுகாத்தலும் கழித்தலும்

ஒவ்வொரு நாளும் வேலைக்குமுன் கயிறு முழுவதையும் கைவிரல்களின் ஊடே ஓடவிட்டுப் பார்த்தல் வேண்டும். இழை அறுந்தது, ஓரிடத்தில் மெலிந்தது, விறைத்தது, உருகிப் பளபளப்பது ஆகிய எதுவும் கழிக்கத்தக்கது. கழித்த கயிற்றைத் துண்டுதுண்டாக வெட்டிவிடுக. முழுதாக எறிந்தால் வேறொருவன் எடுத்து ஏறுவான். பூச்சிமருந்தும் உரமும் வைத்த அறையிலோ, பேட்டரி அருகிலோ கயிற்றை வைத்தல் கூடாது. அமிலம் பட்ட இடத்தில் நைலான் கண்ணுக்குத் தெரியாமற் பலம் குன்றும். மண்ணேறினால் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துக.

நிலச்சொந்தக்காரர், கிராம அலுவலர் கடமைகள்

ஒரு குடும்பத்துக்கு வார்ப்பட்டை, கயிறு, கொக்கி, கவசம் யாவும் வாங்குவது பாரமாயின், அண்டைத் தோட்டக்காரர் சிலர் கூடியோ, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் அல்லது உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் வாயிலாகவோ ஒரு தொகுதி வாங்கி வைக்கலாம். வாங்கிய தேதியை அதில் எழுதி, ஒருவர் பொறுப்பில் விடுவது அவசியம். காற்று மழை வேளையிலும், குடித்திருப்பவனையும் ஏற்றுதல் ஆகாது. “இன்று வேண்டாம்” என்று மரமேறுபவன் சொன்னால் கூலியை உயர்த்தி அவனை வற்புறுத்துவது தகாது. மரத்தை அவனே நன்கறிவான்.

கிராம நிர்வாக அலுவலர் தம் எல்லையிலுள்ள மரமேறிகளுக்குப் பனைமரத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளவும், தென்னை ஏறுவோர்க்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் ‘கேர சுரக்ஷா’ விபத்துக் காப்பீட்டில் சேரவும் வழிகாட்டலாம். பதிவு விபத்துக்குமுன் இருந்தாலன்றிப் பயனில்லை. பனைமரத்தை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டுமென 2021ஆம் ஆண்டு விதிக்கப்பட்டதையும் மக்களுக்கு நினைவூட்டுதல் நலம்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதற்கு முன்பே, மண் உலர்ந்திருக்கும்போது, காய்ந்த கொம்புகளையும் வீட்டின்மீது சாய்ந்த கிளைகளையும் கழித்துவிட்டால் புயலுக்குப் பின் அவசர வேலைக்கு ஆள் ஏற்றும் நிலை வெகுவாகக் குறையும். ஆகவே ஆகஸ்டு மாதத்திலேயே ஒவ்வொருவரும் தம் மரங்களைச் சுற்றிப் பார்த்து, கழிக்கவேண்டிய கிளைகளைக் குறித்து, கயிற்றையும் வார்ப்பட்டையையும் சோதித்து வைத்துக்கொள்வாராக.