மூச்சு இயந்திரம்: அளவு மிஞ்சினால் ஆபத்து

திருவனந்தபுரத்தில் ஸ்ரீவராகம், கோட்டை, சாலை பஜார் வட்டாரங்களில் நம்மவர் குடும்பங்கள் ஏராளம். அவர்களில் யாரையாவது ஆஸ்பத்திரியில் வென்டிலேட்டரில் வைத்திருப்பதாகத் தகவல் வந்தால் போதும், வீட்டில் அழுகை தொடங்கிவிடும். "மெஷின் வைத்தால் அவ்வளவுதான்" என்பார் ஒருவர். "காற்றைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொல்லுங்கள்" என்பார் இன்னொருவர்.

இரண்டும் தவறு. மெஷின் எமன் அல்ல. ஆனால், காற்றைக் கண்டபடி கூட்டினால் அதுவே எமனாகலாம்.

புண்பட்ட நுரையீரல்

நிமோனியா, எலிக்காய்ச்சல், கோவிட், விபத்தில் பட்ட பலத்த அடி போன்றவற்றால் நுரையீரல் திடீரென்று நீர் கோத்துக்கொள்வது உண்டு. அப்போது காற்று நுண்ணறைகளில் பல அடைபட்டுப்போகும். மிச்சமுள்ள கொஞ்சம் இடம்தான் வேலை செய்யும். பெரியவர் உடம்பில் குழந்தையின் நுரையீரல் இருப்பதற்கு இதை ஒப்பிடுகிறார்கள் டாக்டர்கள்.

முழு நுரையீரலுக்கு உரிய காற்றை அந்தச் சிறு இடத்தில் தள்ளினால், நல்ல நுண்ணறைகளும் அளவுக்கு மேல் விரிந்து நைந்துபோகும். நோயோடு இயந்திரம் செய்த காயமும் சேர்ந்துகொள்ளும்.

12ஆ, 6ஆ?

முன்பெல்லாம் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லி லிட்டர் வரை காற்று கொடுத்துவந்தார்கள். அமெரிக்காவில் 861 நோயாளிகளை இரு பிரிவாக்கிச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கிலோவுக்கு 12 மில்லி. மற்றதற்கு 6 மில்லி. முடிவு 2000ல் வெளியாயிற்று. 12 மில்லி பிரிவில் நூற்றுக்கு 40 பேர் இறந்தார்கள். 6 மில்லி பிரிவில் 31 பேர். புது மருந்து எதுவும் இல்லை. அளவைக் குறைத்ததே மருந்து!

இங்கே எடை என்பது தராசு காட்டும் எடை அல்ல. உயரத்தைக் கொண்டு கணக்கிடும் எடை. தொப்பை பெருத்தால் நுரையீரல் பெருக்காது அல்லவா? 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆண் 85 கிலோ இருந்தாலும், கணக்கில் சுமார் 61 கிலோதான். அவருக்கு ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ 370 மில்லி. அரை லிட்டர் மில்மா பால் பாக்கெட்டை விடக் குறைவு!

அழுத்தத்துக்கும் எல்லை உண்டு. மூச்சை உள்ளே செலுத்தி நிறுத்தும்போது நுரையீரலில் உள்ள அழுத்தம், 30 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. பள்ளிக்கூட ஸ்கேல் அளவுதான். மூச்சை வெளிவிட்ட பிறகும் கொஞ்சம் அழுத்தத்தை உள்ளே நிறுத்திவைப்பார்கள். இல்லையேல் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளும்.

தும்பாவின் பங்கு

2021ல் தும்பாவிலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் பிராணா, வாயு, ஸ்வஸ்தா என்று மூன்று வென்டிலேட்டர்களை உருவாக்கியது. பிராணாவில் அழுத்தம் மிஞ்சினால் திறந்துகொள்ளும் வால்வு உண்டு. குக்கருக்கு வால்வு எப்படியோ, அப்படி. ராக்கெட் செய்பவர்களும் காற்று மிஞ்சிவிடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

உறவினர் கவனத்திற்கு

நோயாளியின் உயரத்தைக் கேட்டால் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். அரசு, ரயில்வே ஊழியரானால் சர்வீஸ் புத்தகத்தில் அளந்த உயரம் எழுதியிருக்கும்.

மானிட்டரில் ஆக்சிஜன் 100 காட்டவில்லையே என்று பதற வேண்டாம். அந்த அமெரிக்கச் சோதனையில் 88 முதல் 95 வரை இருந்தால் போதும் என்றே வைத்திருந்தார்கள். நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்திருந்தாலும் திகைக்க வேண்டாம். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களை நாள்தோறும் 16 மணி நேரம் அப்படிக் கிடத்தினால் மரணம் குறைகிறது என்பது 2013ல் உறுதியாயிற்று.

இந்த இயந்திரம் நுரையீரலைக் குணப்படுத்தாது. அது ஆறும்வரை உயிரைத் தாங்கிப் பிடிக்கும். பிடி இறுகாமல் பார்த்துக்கொள்வதே டாக்டரின் திறமை.