விண்வெளிக் கதையில் நகைச்சுவை: இரசிகர் இரு பிரிவானது ஏன்?

மெய்ப்பாடு எட்டு என வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் நகையையே முதற்கண் வைத்தார். அந்நகை பிறக்கும் களங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினைக் கூறினார். எள்ளல் என்பது இகழ்தல். இளமை என்பது முதிராமை. பேதைமை என்பது அறியாமை. மடன் என்பதற்குப் பேராசிரியர் தரும் விளக்கம் மிக நுட்பமானது. பிறர் கற்பித்ததை ஏற்றுக்கொண்டு, ஏற்றதைக் கைவிடாது பற்றி நிற்றலே மடன் என்பது அவர் கருத்து. நான்கிலும் சிரிப்பு உண்டு. ஆனால் நான்கும் ஒரே வகைச் சிரிப்பல்ல. ஒன்றில் அன்பு கலந்திருக்கும். மற்றொன்றில் முள் மறைந்திருக்கும்.

இப்பாகுபாடு பழைய இலக்கியத்துக்கு மட்டும் உரியதன்று. மேனாட்டார் தொலைக்காட்சிக்கென எழுதிய அறிவியற் கதை ஒன்றில், ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு வழக்கை விளங்கிக்கொள்ளவும் அது துணை செய்கிறது. அக்கதை 'ஸ்டார் டிரெக்'. விண்மீன்களை நோக்கிய நெடும்பயணம் என்பது அப்பெயரின் பொருள். அதில் நகைச்சுவை தலைகாட்டும்போதெல்லாம் இரசிகருள் ஒரு சாரார் மகிழ்கின்றனர். மற்றொரு சாரார் முகஞ்சுளிக்கின்றனர். இதன் காரணம் யாது?

சிரிப்புக்கு அஞ்சிய காலம்

ஜீன் ராடன்பெரி என்பார் படைத்த இத்தொடர், 1966 செப்டம்பர் 8ஆம் நாள் அமெரிக்காவின் என்.பி.சி. நிறுவனத்தின் வழியே ஒளிபரப்பாகத் தொடங்கியது. 'எண்டர்பிரைஸ்' என்னும் விண்கலமும் அதில் செல்லும் மாலுமிகளுமே கதையின் உயிர். தலைவர் கிர்க், மருத்துவர் மெக்காய், பொறியாளர் ஸ்காட், கறுப்பின மங்கை உஹூரா, ஆசிய வழிவந்த சூலு, பின்னர் வந்து சேர்ந்த இரஷ்ய இளைஞர் செக்காவ் ஆகியோர் ஒரே கலத்தில் ஒன்றுபட்டு உழைத்தனர். வல்கன் என்னும் வேற்றுலகத் தந்தைக்கும் மானிடத் தாய்க்கும் பிறந்த ஸ்பாக் அவர்களுள் ஒருவர். நிறவேற்றுமையும் வல்லரசுப் பகையும் தலைவிரித்தாடிய காலத்தில், அவை இல்லாத ஓர் உலகை இக்கதை காட்டியது. ஆதலின் பலர் அதைப் பொழுதுபோக்காக மட்டும் கொள்ளவில்லை. ஒரு நம்பிக்கையாகவே போற்றினர்.

அக்காலத்தில் அறிவியற் கதை என்றால் சிறுவர் விளையாட்டு என்றே பலரும் எண்ணினர். அவ்வெண்ணத்துக்குத் துணைபோகும் சான்றுகளும் இருந்தன. 1965இல் சி.பி.எஸ். நிறுவனம் தொடங்கிய 'லாஸ்ட் இன் ஸ்பேஸ்' என்னும் தொடர், விண்வெளியில் வழிதவறிய ஒரு குடும்பத்தின் இடர்களைக் கூறுவதாகத்தான் தொடங்கியது. நாளடைவில் அது வெறுங் கேலிக்கூத்தாக மாறியது. 1968இல் பேசும் காரட் மனிதன் ஒருவனே அதில் தோன்றினான்!

ஸ்டார் டிரெக்கின் இரசிகர் இம்மாற்றத்தைக் கண்டு அஞ்சியதில் வியப்பில்லை. 1967ஆம் ஆண்டின் இறுதியில் தங்கள் தொடர் நிறுத்தப்படும் என்ற செய்தி பரவியபோது, அவர்கள் என்.பி.சி.க்குக் கடிதங்களைக் குவித்தனர். தொடர் நீடிக்கும் என்று 1968 மார்ச்சில் அந்நிறுவனம் ஒளிபரப்பிலேயே அறிவிக்க வேண்டியதாயிற்று. மதிப்புப் பெறுவதற்கே போராட வேண்டியிருந்த ஒன்றைப் பிறர் நகையாடுவது ஒருபுறம் இருக்க, அதுவே தன்னை நகையாடிக்கொண்டால் அன்பர் மனம் பொறுக்குமா? இவ்வழக்கின் வேர் இங்கேதான் இருக்கிறது.

கணக்குத் தவறாத சிரிப்பு

எனினும் நகைச்சுவை முற்றிலும் வெறுக்கப்பட்டதென்று கொள்வது பிழை. அத்தொடரின் 79 கதைகளுள் மிகப் புகழ்பெற்றவற்றில் ஒன்று நகைச்சுவைக் கதையே. 1967 டிசம்பர் 29ஆம் நாள் ஒளிபரப்பான அதனை எழுதியவர் டேவிட் ஜெரால்ட் என்னும் 23 வயது இளைஞர்.

உள்ளங்கையில் அடங்கும் மயிர்ப்பந்து போன்ற 'டிரிபிள்' என்னும் சிற்றுயிர்கள் விண்கலத்துக்குள் புகுகின்றன. அவை தடவினால் இதமாக முனகும், உண்ணும், பெருகும். வேறொன்றும் அறியா. தானியக் கிடங்கின் கதவைக் கிர்க் திறந்தவுடன் அவை மழைபோல் அவர் தலைமேல் கொட்டுகின்றன. கழுத்தளவு புதைந்து நிற்கும் தலைவருக்கு அருகே நின்று, ஸ்பாக் அமைதியாகக் கணக்குச் சொல்கிறார். ஓர் உயிர் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்துக் குட்டிகளை ஈனுமானால், மூன்று நாளில் தொகை 17,71,561 ஆகும் என்பது அவர் விடை. ஆசிரியர்கள் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் ஒன்று பதினொன்றாகிறது; மூன்று நாளில் ஆறு முறை; பதினொன்றை ஆறு முறை தன்னால் தானே பெருக்கினால் அதே தொகை வரும். கேலிக்காக எழுதிய இடத்திலும் கணக்குப் பிழைக்கவில்லை.

இங்கு நம்மைச் சிரிக்க வைப்பது எது? ஸ்பாக்கின் மடனேயாம். அளவை நெறியே வாழ்வு என்று கற்ற அவர், தலைவர் படும் பாட்டைக் கண்டும் அந்நெறியை விடவில்லை. அவர் தம் இயல்பு மாறாது நிற்பதால்தான் சிரிப்பு எழுகிறது. மேலும் அச்சிற்றுயிர்களே கதையின் முடிச்சையும் அவிழ்க்கின்றன. தானியத்தைத் தின்ற டிரிபிள்கள் மடிந்ததால் அதில் நஞ்சு கலந்திருப்பது வெளியாகிறது. மாற்றுருவில் வந்த பகைவனைக் கண்டு அவை கிறீச்சிட்டதால் அவன் பிடிபடுகிறான். சிரிப்பை நீக்கிவிட்டால் கதையே இல்லை. இதனை வெறும் ஒட்டு என்று எவரும் கூற இயலாது.

இதற்கு நேர்மாறானது 1968 செப்டம்பரில் வந்த ஒரு கதை. அதில் ஸ்பாக்கின் மூளையைத் திருடிச் சென்றுவிடுகின்றனர். மூளையற்ற உடலை மெக்காய் ஒரு கருவியால் நடத்திச் செல்கிறார்! ஆசிரியர் இதனைச் சிரிப்புக்காக அமைக்கவில்லை, பார்த்தவர்தாம் சிரித்தனர். விரும்பி எழுப்பும் சிரிப்பு வேறு. தவறி விளையும் சிரிப்பு வேறு என்பதை அன்றே இரசிகர் உணர்ந்தனர்.

ஒரே பொறியாளர், இருவேறு நகை

பிற்காலத்தில் இக்கதை திரைப்படமாகவும் வளர்ந்தது. 1986இல் வெளிவந்த நான்காம் படத்தை இயக்கியவர், ஸ்பாக்காக நடித்த லியனார்ட் நிமாய். எதிர்காலப் பூமியை அணுகும் மாபெரும் கலம் ஒன்று திமிங்கிலங்களின் குரலைத் தேடுகிறது. ஆனால் அவை அதற்கு முன்பே அழிந்துபோயின. ஆகவே மாலுமிகள் காலத்தைக் கடந்து, 1986ஆம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வந்து இரண்டு திமிங்கிலங்களைக் கொண்டு செல்கின்றனர். பொறியாளர் ஸ்காட் ஒரு கணிப்பொறியின் முன் அமர்ந்து, வாயால் ஆணையிட்டால் அது கேட்கும் என்று எண்ணுகிறார். 'மௌஸ்' என்னும் கைக்கருவியை மெக்காய் எடுத்துக் கொடுக்க, அதனை வாயருகே பிடித்துப் பேசத் தொடங்குகிறார். விசைப்பலகையைப் பயன்படுத்தச் சொன்னதும், கண்ணிமைக்கும் நேரத்தில் தட்டி, அக்காலத்தார் அறியாத ஓர் உலோகத்தின் அமைப்பைத் திரையில் வரைந்து காட்டுகிறார்.

இது பேதைமையில் பிறந்த நகை. ஆனால் அறியாமை சிறிதே, அறிவோ பெரிது. அவரைப் பார்த்துச் சிரித்த நாம், அடுத்த நொடியே அவரை மதிக்கிறோம். அப்படம் அமெரிக்காவில் மட்டும் 10 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. தொடரை அறியாதவரும் அதனை விரும்பிப் பார்த்தனர். சிரிப்பின் அடியில் திமிங்கில வேட்டையைப் பற்றிய கவலையும் இருந்தது என்பது மறக்கத்தக்கதன்று.

மூன்றாண்டு கழித்து, 1989இல், கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னர் ஐந்தாம் படத்தை இயக்கினார். முன்னைய வெற்றியின் காரணமாக இதிலும் நகைச்சுவை மிகுதியாகச் சேர்க்கப்பட்டது. இக்கலத்தின் ஒவ்வோர் அங்குலமும் தமக்குத் தெரியும் என்று பெருமை பேசிவிட்டு நடக்கும் அதே ஸ்காட், மறுகணமே ஓர் உத்தரத்தில் தலைமோதி மயங்கி விழுகிறார். இருபதாண்டுகளாகக் கலத்தைத் தம் உடல்போல் காத்தவர், அதன் உத்தரம் எங்கிருக்கிறதென அறியாதவராகிவிட்டார்! இது எள்ளல். விழுந்தவர் ஸ்காட் மட்டுமல்லர்; அவரை நம்பியிருந்த இரசிகரும் விழுந்ததாக எண்ணினர். அப்படம் முன்னதன் வருவாயில் பாதியளவே பெற்றது.

எனினும் அதே படத்தில், காட்டிடையே நெருப்பு மூட்டி, கிர்க்கும் ஸ்பாக்கும் மெக்காயும் சுற்றியமர்ந்து, பாடத் தெரியாமல் பாடும் இடத்தை இன்றும் அன்போடு நினைவுகூர்வோர் பலர். அங்கும் சிரிப்பு உண்டு. ஆனால் அது மூவரின் நட்பிலிருந்து ஊறி வருவது. ஒரே படத்துள்ளேயே இருவகை நகையும் இருந்தமையால், அதைப்பற்றிய கருத்தும் இருவகையாயிற்று.

இளையோர் சிரித்த சிரிப்பு

2020 ஆகஸ்டில் மைக் மக்மஹான் என்பவர் 'லோவர் டெக்ஸ்' என்னும் கேலிச்சித்திரத் தொடரைத் தொடங்கியபோது பழைய அச்சம் மீண்டும் தலைதூக்கியது. முழுவதும் நகைச்சுவையாகவே அமைந்த முதல் ஸ்டார் டிரெக் தொடர் அது. பெரிய தலைவர்கள் அல்லர், 'செரிடோஸ்' என்னும் சாதாரணக் கலத்தின் கீழ்த்தட்டில் பணிபுரியும் இளநிலை ஊழியர்களே அதன் மாந்தர். பேச்சு மிகவும் வேகம், கூச்சல் அதிகம், புனிதமான ஒன்றைக் கேலிப்பொருளாக்கிவிட்டனர் என்றெல்லாம் குறை கூறப்பட்டது.

ஆயினும் ஐந்து பருவங்களில் 50 கதைகளை முடித்து 2024 டிசம்பரில் அது நிறைவெய்தியபோது, தொடக்கத்தில் வெறுத்தவருள் பலர் அதன் அன்பராகிவிட்டிருந்தனர். அத்தொடரின் பாய்ம்லர் என்னும் இளைஞன், கிர்க்கையும் ஸ்பாக்கையும் தெய்வமாகக் கருதுபவன். அவர்தம் வரலாற்றை மனப்பாடமாக அறிந்தவன். இரசிகர் அவனிடத்தில் தம்மையே கண்டனர். 2023இல் 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' என்னும் மற்றொரு தொடரில், அவனுக்குக் குரல் கொடுத்த ஜாக் குவைடே நேரில் தோன்றி நடித்தார். தான் வழிபட்ட ஸ்பாக்கின் முன் நின்று அவன் வாயடைத்துப் போகும் காட்சியைப் பழைய இரசிகரும் புதிய இரசிகரும் ஒருங்கே வரவேற்றனர். இளமையில் பிறந்த இந்நகைக்குள் பத்தி இருந்தது. தாம் போற்றுவதைப் பார்த்துத் தாமே சிரிப்பது வேறு. போற்றாதவன் வந்து சிரிப்பது வேறு அல்லவா?

குருதியா, கல்வியா?

அண்மைய பூசல் 2025ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதே 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' தொடரின் மூன்றாம் பருவத்தில், ஒரு பணியை முடிப்பதற்காகக் கலத்தின் தலைவர் பைக் உட்பட நால்வர் மருந்தின் துணையால் வல்கன்களாக மாறுகின்றனர். மாறிய அக்கணமே செருக்கும் பிறரை இகழும் குணமும் அவர்களைப் பற்றிக்கொள்கின்றன. பழைய வடிவுக்குத் திரும்பவும் மறுக்கின்றனர். அவர்கள் படுத்தும் பாடே கதையின் நகைச்சுவை.

வயிறு குலுங்கச் சிரித்தவர் உண்டு. 1967ஆம் ஆண்டிலேயே இத்தகைய வேடிக்கைக் கதைகள் வரவில்லையா என்று அவர்கள் கேட்டனர். எதிர்த்தவரோ வேறொன்றைச் சுட்டினர். வல்கன்கள் பிறவியிலேயே அமைதி வாய்ந்தவர் அல்லர். ஒரு காலத்தில் அவர்கள் மிகக் கொடிய சினமுடையோராய் இருந்தனர் என்பதும், சூராக் என்னும் சான்றோர் காட்டிய நெறியைப் பயின்றே சினத்தை அடக்கினர் என்பதும் அக்கதை மரபின் அடிப்படை. சிறுவயது முதல் பயின்று பெறும் அடக்கம் ஓர் ஊசி மருந்தால் எப்படி வரும்? அப்படி வருமானால் ஸ்பாக்கின் தவமெல்லாம் வெறும் குருதியின் குணமாகிவிடாதா?

இக்கேள்வி சிரித்துத் தள்ளத்தக்கதன்று. மடன் என்பது கற்பித்ததைப் பற்றி நிற்றல் என்றார் பேராசிரியர். கற்பித்தலே இல்லாத இடத்தில் மடன் ஏது? ஸ்பாக்கின் இயல்பிலிருந்து பிறந்த நகை, இங்கு ஓர் இனத்தையே எள்ளும் நகையாக மாறியது என்பதே எதிர்த்தவரின் மனக்குறை. மனிதரைப் பிறப்பால் அளக்கலாகாது என்று கூறி வளர்ந்த கதைக்கு இது பொருந்தாது என அவர்கள் எண்ணியது நியாயமே.

இதனோடு அளவு பற்றிய காரணமும் ஒன்று உண்டு. 1967-68ஆம் ஆண்டுப் பருவத்தில் 26 கதைகள் வந்தன. அவற்றுள் வெளிப்படையான வேடிக்கைக் கதைகள் மூன்று எனலாம். இக்காலத்துப் பருவத்திலோ மொத்தம் பத்தே கதைகள். அவற்றிலும் மூன்று வேடிக்கையாக அமைந்தால், எஞ்சியவை ஏழே. சோற்றுக்கு ஊறுகாய் என்ற நிலை மாறிவிடுகிறது. ஊறுகாய் சுவையற்றதென்று எவரும் கூறவில்லை. இலையில் சோறு குறைந்துவிட்டதே என்றுதான் வருந்துகின்றனர்.

முடிவுரை

ஆகவே இவ்விரு சாராரையும் சிரிப்பை விரும்புவோர், வெறுப்போர் என்று பிரிப்பது பொருந்தாது. டிரிபிள்களைக் கண்டு இரு சாராரும் சிரித்தனர். மாந்தரின் இயல்பிலிருந்து பிறந்து, கதைக்கு உழைத்து, அவர் மதிப்பைக் குறைக்காத நகையை இரு சாராரும் ஏற்றனர். ஒரு நொடிச் சிரிப்புக்காக இயல்பை உடைக்கும் இடங்களிலேயே பிளவு தோன்றியது. அங்கும் சிலர் பொறுத்துக்கொண்டனர், சிலர் பொறுக்கவில்லை. எவ்வளவு ஆழமாக நம்பினரோ அவ்வளவு ஆழமாக நொந்தனர்.

வகுப்பறையிலும் இதையே காண்கிறோம். மாணவன் ஒருவன் வாய்ப்பாட்டைத் தலைகீழாக ஒப்பிக்கும்போது வகுப்பே சிரிக்கிறது. அவனும் உடன் சிரிக்கிறான். அதே சிரிப்பு அவன் வீட்டையோ நிறத்தையோ குறித்து எழுமானால், அவன் தலை கவிழ்கிறது. இரண்டும் நகையே. எந்தக் களத்தில் பிறந்தது என்று பார்த்து, முன்னதை வளரவிட்டுப் பின்னதைத் தடுத்து நிறுத்துவது ஆசிரியர் கடமை. கதை எழுதுவோர்க்கும் அக்கடமை உண்டு.