இராமானுசனின் வட்டச் சதுரமும் பள்ளி வடிவியல் தேற்றங்களும்

வட்டத்தைச் சதுரமாக்கல் என்பது, ஒரு வட்டத்தின் பரப்பளவுக்குச் சமமான சதுரத்தை, அளவு குறிக்காத நேர்கோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையும் பழைய கிரேக்கக் கணக்கு ஆகும். பை ஒரு விஞ்சிய எண் என்று 1882-ல் லிண்டெமன் நிறுவியதும், இதைத் துல்லியமாகச் செய்யவே முடியாது என்பது உறுதியானது. மிக நெருங்கி வரலாம். அப்படி ஒரு வழியைச் சீனிவாச இராமானுசன் 1913-ல் இந்தியக் கணிதவியல் கழக ஆய்விதழில் சிறு குறிப்பாக வெளியிட்டார். அதைப் புரிந்துகொள்ள ஒன்பதாம், பத்தாம் வகுப்பு வடிவியலே போதும்.

அடிப்படைத் தேற்றம்

அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம். வட்டத்தின் மேலுள்ள புள்ளியை மையத்துடன் இணைத்தால் இரண்டு இருசமபக்க முக்கோணங்கள் கிடைக்கும். அவற்றின் சமமான அடிக்கோணங்களைக் கூட்டினால், பெரிய முக்கோணத்தின் 180 பாகையில் சரிபாதி அப்புள்ளியில் விழுவது தெரியும். வெளிநாட்டு நூல்கள் பலவற்றில் இதற்கே தேல்ஸ் தேற்றம் என்று பெயர்; தமிழ்நாட்டுப் பாடநூலிலோ அப்பெயர் அடிப்படை விகிதசமத் தேற்றத்தைக் குறிக்கும். இணையத்தில் தேடும் மாணவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். இராமானுசனுக்கு இரண்டும் தேவைப்பட்டன.

வரையும் முறை

எளிமைக்காக ஆரத்தை 6 செ.மீ. எனக் கொள்வோம். விட்டம் அஆ, மையம் ம. அம-வின் நடுப்புள்ளி ப. மஆ-வை மூன்றாகப் பிரித்து, ஆ-வுக்கு அருகிலுள்ள புள்ளியை ட என்க. ட-வில் எழுப்பும் செங்குத்து வட்டத்தை க-வில் தொடும். அரைவட்டக் கோணம் செங்கோணம் என்பதால் டக² = 10 × 2 = 20.

இனி டக அளவுக்கு ஆச என்ற நாணை இடவேண்டும். கோணம் அசஆ செங்கோணம்; எனவே அச² = 144 − 20 = 124. ம, ட ஆகியவற்றிலிருந்து ஆச-வுக்கு இணையாக வரையும் கோடுகள் அச-வை முறையே த, ந-வில் வெட்டும். விகிதசமத் தேற்றப்படி அத என்பது அச-வில் பாதி, தந மூன்றில் ஒரு பங்கு.

அத அளவுக்குக் கீழ்ப்புறம் அல என்ற நாண் இடுக. மீண்டும் அரைவட்டம்: ஆல² = 144 − 31 = 113. அ-வில் தந அளவுக்கு அவ என்ற தொடுகோடு வரைக. தொடுகோடு ஆரத்துக்குச் செங்குத்து; ஆகவே ஆவ² = 144 + 124/9 = 1420/9, அதாவது 355-இன் 4/9 மடங்கு. கடைசியாக, ஆல-வின் மேல் ஆய = ஆப = 9 எனக் குறித்து, லவ-வுக்கு இணையாக ய-விலிருந்து ஒரு கோடு வரைந்தால் அது ஆவ-வை ற-வில் வெட்டும். ஆற² = 36 × 355/113. ஆற-தான் சதுரத்தின் பக்கம்.

355/113 என்ற பின்னம் புதிதன்று. சீனக் கணிதர் சூ சொங்சி 5-ஆம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தார். அதை நேர்கோலுக்கும் கவராயத்துக்கும் கொண்டுவந்த சிக்கனமே இங்கு வியப்பு.

பிழை எவ்வளவு?

1,40,000 சதுர மைல் பரப்புள்ள வட்டத்துக்கும் பக்க அளவில் ஏறத்தாழ ஓர் அங்குலமே பிசகும் என்று இராமானுசனே குறித்துள்ளார். நம் பக்கத்து அளவில் சொல்வதானால், தேனியை மையமாக்கி 40 கி.மீ. ஆரத்தில் வட்டம் வரைந்தால் போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் எல்லாம் உள்ளே வரும். மலைகளை மறந்து நிலத்தைச் சமதளமாகக் கொண்டால், சதுரத்தின் பக்கம் சுமார் 70.9 கி.மீ.; பிழை வெறும் 3 மி.மீ. வகுப்பில் வழங்கும் 22/7 கொண்டு கணக்கிட்டால் அதே பக்கம் சுமார் 14 மீட்டர் தவறும்.

நோட்டில் வரைவோருக்கு ஆற 10.6 செ.மீ.-க்குச் சற்று மேல் வரவேண்டும். வராவிட்டால் இணைகோடுகளை முதலில் சரிபார்க்கவும்.