படுக்கையருகே நிற்கக் கற்றல்



ஒரு நாள் மாலை, செபமாலை முடிந்து மக்கள் கலைந்த பின்னும் கோயிலின் கடைசி இருக்கையில் ஓர் இளம்பெண் தனியே அமர்ந்திருக்கக் கண்டேன். நம் பங்கின் பிள்ளை. மருத்துவப் படிப்பை முடித்து, பெரிய மருத்துவமனை ஒன்றின் புற்றுநோய்ப் பிரிவில் மேற்படிப்புப் பயிற்சிக்குச் சேர்ந்து நான்கு மாதங்களே ஆகியிருந்தன. அருகில் சென்று நலம் விசாரித்தேன். "ஃபாதர், இந்த வேலைக்கு நான் தகுதியற்றவள். விட்டுவிடலாம் என்றிருக்கிறேன்" என்று சொல்லி அழத் தொடங்கினார்.

அன்று அவர் கூறியதையும், அதில் எனக்கிருந்த பங்கையும், சம்பந்தப்பட்டவர்களின் இசைவுடன் இங்கே எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மட்டும் விட்டுவிட்டேன். நம் குடும்பங்கள் அனைத்தும் அறிய வேண்டிய பாடம் ஒன்று இதில் உண்டு.

இளம் மருத்துவர் கற்பவை

புற்றுநோய்ப் பிரிவில் பயிலும் இளம் மருத்துவரின் வேலை விடியற்காலையிலேயே தொடங்கிவிடுகிறது. பெரிய மருத்துவர்கள் பார்வையிட வருமுன் ஒவ்வொரு நோயாளியின் இரத்தப் பரிசோதனை முடிவையும் அவர் கையில் வைத்திருக்க வேண்டும். ஏனெனில் புற்றணுக்களை அழிக்கத் தரப்படும் மருந்து, எலும்பு மச்சையில் ஊறும் நல்ல அணுக்களையும் தாக்குகிறது. பல மருந்துகளில், ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள், நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்துபோகின்றன. அவ்வேளையில் வரும் காய்ச்சல் மற்றவர்களுக்கு வரும் காய்ச்சலைப் போன்றதன்று. உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலே, காரணம் தெரியட்டும் என்று காத்திராமல், ஒரு மணி நேரத்திற்குள் கிருமிக்கொல்லி மருந்தை இரத்தக் குழாய் வழியே ஏற்றிவிட வேண்டும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

மருந்தின் அளவோ பெரும்பாலும் நோயாளியின் உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடப்படுகிறது. சில மருந்துகள் இரத்தக் குழாயை விட்டுக் கசிந்தால் சதையையே புண்ணாக்கிவிடும். வின்கிரிஸ்டின் என்னும் மருந்து இரத்தக் குழாயில் ஏற்றப்பட்டால் உயிர் காக்கும். தவறிப்போய் முதுகுத்தண்டு நீரில் செலுத்தப்பட்டாலோ உயிரைப் போக்கும். ஆகவேதான் நோயாளியின் பெயரையும், மருந்தையும், அளவையும் இருவர் தனித்தனியே சரிபார்க்கின்றனர்.

இவற்றையெல்லாம் நம் இளம் மருத்துவர் விரைவிலேயே கற்றுக்கொண்டார். நள்ளிரவுக் காய்ச்சலைக் கலங்காமல் எதிர்கொள்ள அவருக்குத் தெரியும். அவரை வீழ்த்தியது வேறொன்று.

ஓர் இரவு, ஒரு கேள்வி

அப்பிரிவில் இரு பிள்ளைகளின் தாய் ஒருவர் இருந்தார். கருப்பை வாய்ப் புற்றுநோய் முற்றி உடலெங்கும் பரவியிருந்தது. இனிக் குணமாக்க வழியில்லை என்று பெரிய மருத்துவர் கூறியபோது, கணவர் கைகூப்பி, "அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் ஐயா, கேட்ட அன்றே உயிரை விட்டுவிடுவாள்" என்று மன்றாடினார். அன்பினால் எழுந்த மன்றாட்டு அது. மருத்துவர்களும் இசைந்தனர்.

ஓர் இரவு, கூடம் அடங்கிய பின், அத்தாய் நம் இளம் மருத்துவரின் கையைப் பற்றி, "டாக்டரம்மா, உண்மையைச் சொல்லுங்க. நான் பொழைப்பேனா?" என்று கேட்டார். இவரோ, "எல்லாம் சரியாகிவிடும் அம்மா" என்று சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். அதன் பின் அப்படுக்கையருகே செல்ல அவருக்குத் துணிவு வரவில்லை. கால்மாட்டில் நின்றபடியே குறிப்பேட்டைப் பார்த்தார். அத்தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் அத்தாய் இறந்துபோனார்.

இறந்தவருக்கு ஓர் அக்காள் உண்டு. வீட்டுப் பாகப்பிரிவினையில் மனத்தாங்கல் ஏற்பட்டு, உடன்பிறந்த இருவரும் பல ஆண்டுகளாகப் பேசிக்கொள்ளவில்லை. சாவுச் செய்தி கேட்டு மருத்துவமனைக்கு ஓடிவந்த அக்காள், "ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா? அவ காலில் விழுந்தாவது பேசியிருப்பேனே!" என்று வாசலில் நின்று கதறினாராம்.

"நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவரே அக்காவை அழைத்திருப்பார் அல்லவா, ஃபாதர்?" என்று கேட்டார் அந்த இளம் மருத்துவர்.

என் பங்கு

அவர் சொல்லச் சொல்ல என் உள்ளம் நடுங்கியது. அத்தாயை நானும் அறிவேன். அவருடைய கணவர் என்னிடமும் வந்திருந்தார். "சாமி, நற்கருணை கொண்டு வாருங்கள், ஆனால் எண்ணெய் மட்டும் வேண்டாம். பார்த்தால் பயந்துவிடுவாள்" என்றார். நானும் சரியென்றேன். இரு முறை சென்றபோதும் வானிலையைப் பற்றியும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் பேசிவிட்டுத் திரும்பினேன். நினைவு தப்பிய பின்னரே நோயில்பூசுதலை வழங்கினேன்.

நோயில்பூசுதல் சாகுந்தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரிய திருவருட்சாதனம் அன்று என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்திவிட்டது. திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1972-இல் அச்சடங்கைப் புதுப்பித்துத் தந்தார். நோயாளிக்குத் திடமும் ஆறுதலும் தருவதற்கென்றே ஏற்பட்ட அருட்சாதனம் அது. இதைக் குருமடத்தில் படித்தவன் நான். பீடத்தில் நின்று பன்முறை போதித்தவனும் நானே. ஆயினும் அந்தப் படுக்கையருகே என் நா எழவில்லை. மருத்துவர் கால்மாட்டில் நின்றார். குருவாகிய நான் தலைமாட்டில் நின்றும் தொலைவிலேயே இருந்தேன். இதை அன்று அவரிடம் ஒப்புக்கொண்டேன். பின்னர் இருவர் வாழ்க்கையை அவருக்கு எடுத்துரைத்தேன்.

நிலைத்து நின்ற இருவர்

இலண்டன் மாநகரில் சிசிலி சாண்டர்ஸ் என்னும் பெண்மணி முதலில் செவிலியராகவும், பின்னர் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் பணிபுரிந்தார். போலந்து நாட்டிலிருந்து வந்து, உற்றார் எவருமின்றிப் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த தாவீது தாஸ்மா என்ற யூதருக்கு அவர் உற்ற துணையானார். இறப்போருக்கென ஓர் இல்லம் அமைப்பது பற்றி இருவரும் பேசினர். 1948-இல் இறந்த தாஸ்மா, அவ்வில்லத்தில் தாம் ஒரு சாளரமாக இருக்க விரும்பி, 500 பவுன் பணத்தை அவருக்கு விட்டுச்சென்றார். இறப்போரைக் கைவிடுகிறவர்கள் மருத்துவர்களே. ஆகவே மருத்துவம் படியுங்கள் என்று அறுவை மருத்துவர் ஒருவர் சிசிலிக்கு அறிவுரை கூறினார். அவ்வாறே அவர் படித்து, நாற்பதை நெருங்கும் வயதில், 1957-இல் மருத்துவரானார். அடுத்த ஆண்டு முதல், அயர்லாந்துக் கத்தோலிக்கக் கன்னியர் நடத்திவந்த புனித சூசையப்பர் இல்லத்தில் பணியாற்றினார். வலி வந்த பின் மருந்து தேடாமல், வருமுன்னரே வேளை தவறாது மார்ஃபின் கொடுத்து, நோயாளிகள் அமைதியாகவும் தெளிவாகவும் இருக்கச் செய்தார். 1967-இல் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் திறந்தார்.

மற்றவர் நம் சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. சாந்தா. உடன்பிறந்த சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் அடையாற்றில் தொடங்கிய மருத்துவமனை, 12 படுக்கைகளுடன் எளிய நிலையில் இருந்தது. அரசு மருத்துவமனையில் கிடைத்த பதவியை விடுத்து, 1955-இல் இளம் மருத்துவராக அங்கே சேர்ந்தார் சாந்தா. அவ்வளாகத்திலேயே குடியேறி, 2021 சனவரி 19-இல் இறக்கும்வரை நோயாளிகளின் அருகிலேயே வாழ்ந்தார். புற்றுநோய் மருத்துவத்தில் உயர்சிறப்புப் படிப்புகள் நம் நாட்டில் முதன்முதலாக 1984-இல் தொடங்கப்பட்டதும் அந்நிறுவனத்தில்தான்.

இவ்விருவரும் பல நோயாளிகளைக் காப்பாற்ற இயலாமற்போனதைக் கண்டவர்களே. ஆனால் குணமாக்க முடியாத நிலையிலும் படுக்கையை விட்டு அகலவில்லை.

கற்றுக்கொள்ளக் கூடிய கலை

நம் இளம் மருத்துவர் மறுநாள் தம் மூத்த மருத்துவரிடம் சென்று மனந்திறந்து பேசினார். உண்மை உரைத்தலும் ஊசி போடுதலைப் போலக் கற்றுக்கொள்ளக் கூடிய கலையே என்று அவர் விளக்கினாராம். முதலில் முக்காலியை இழுத்துப் போட்டு அமர வேண்டும். நோயாளிக்கு என்ன தெரியும் என்று கேட்க வேண்டும். எவ்வளவு அறிய விரும்புகிறார் என்றும் கேட்க வேண்டும். அவர் விரும்பும் அளவுக்கே, சிறிது சிறிதாகச் சொல்ல வேண்டும். அவர் அழுதால் மௌனமாய் உடனிருக்க வேண்டும். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மட்டும் ஒருகாலும் சொல்லலாகாது. ஏனெனில் வலியைத் தணிக்கவும் துணையிருக்கவும் எப்போதும் வழியுண்டு. நோயாளியிடம் பேசும் முறையையும் மருத்துவ அறநெறியையும் 2019 முதல் நம் நாட்டு மருத்துவ இளநிலைப் பாடத்திட்டத்திலேயே சேர்த்திருக்கிறார்கள் என்பது நற்செய்தி.

சில வாரங்கள் கழித்து முதியவர் ஒருவர் அதே கேள்வியைக் கேட்டார். இம்முறை மருத்துவர் அமர்ந்து, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், ஐயா?" என்றார். "எனக்குத் தெரியும்மா. நீங்க சொல்லுவீங்களான்னுதான் பார்த்தேன்" என்றார் முதியவர். மறுநாளே பிள்ளைகளை வரவழைத்து நிலத்தைப் பிரித்துக் கொடுத்தார். தம் ஊருக்குத் திரும்பி, சொந்தத் திண்ணையில் இறுதி நாட்களைக் கழித்தார்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்

புற்றுநோய் என்றாலே சாவு என்று எண்ண வேண்டாம். தொடக்கத்திலே கண்டறியப்பட்டால் குணமாகக் கூடிய புற்றுநோய்கள் பல. ஆனால் குணமாகாத நிலை வந்தால், நோயாளி கேட்கும்போது அவருக்கு விடை மறுக்காதீர்கள். மருத்துவரின் வாயை நீங்கள் கட்டிவிட்டால், அவர் நோயாளியின் கண்ணில் படாமல் ஒதுங்கத்தான் செய்வார். மன்னிப்புக் கேட்கவும், மக்களுக்கு ஆசியளிக்கவும், ஆண்டவரோடு ஒப்புரவாகவும் நோயாளிக்குக் காலம் வேண்டும். அக்காலம் அவருடையது, நம்முடையதன்று.

வலியைப் பொறுத்துக்கொள்வதே புண்ணியம் என்று கருதி மருந்தை மறுப்போரும் நம்மிடையே உளர். கடும் வலியைத் தணிக்கும் மருந்து, ஆயுளைச் சற்றுக் குறைக்கக் கூடுமாயினும், வேறு வழியில்லாதபோது அதைக் கொடுப்பது தகும் என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957-லேயே கற்பித்தார். மருத்துவர் அளவறிந்து கொடுக்கும் மார்ஃபினைக் கண்டு அஞ்ச வேண்டாம். அது கிடைப்பதற்குத் தடையாயிருந்த சட்ட விதிகளும் 2014-இல் தளர்த்தப்பட்டன.

இறந்த தாயின் கணவரைப் பின்னர் சந்தித்தேன். இதை எழுதலாமா என்று கேட்டபோது, நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "எழுதுங்க சாமி. அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்னுதான் இப்ப நினைக்கிறேன். எங்களுக்காக அவளும் மறைச்சுட்டா" என்றார்.

கல்வாரியிலே நம் அன்னை மரியாள் ஓர் ஆணியைக்கூடப் பிடுங்கவில்லை, பிடுங்க இயலவுமில்லை. ஆயினும் சிலுவையடியை விட்டு அகலாமல் நின்றார். அந்த இளம் மருத்துவர் பணியை விடவில்லை. இன்று புதிதாக வரும் பயிற்சி மருத்துவர்களுக்கு அவரே வழிகாட்டுகிறார். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1992-இல் ஏற்படுத்திய உலக நோயாளர் நாள் ஆண்டுதோறும் பெப்ருவரி 11-இல் வருகிறது. அன்று நோயாளிகளுக்காகச் செபிக்கும்போது, இரவெல்லாம் விழித்திருந்து அவர்களருகே நிற்கக் கற்றுக்கொள்ளும் இந்தப் பிள்ளைகளுக்காகவும் செபியுங்கள். நிற்கத் தவறிய உங்கள் குருவுக்காகவும் செபியுங்கள்.