செல்ஃபியில் மூக்கு பெரிசா தெரியுதா? தப்பு மூக்கில் இல்லை!

வேலை தேடும்போது நம்மை முதலில் அறிமுகப்படுத்துவது லிங்க்ட்இன் படம்தான். அதில் முகம் ஏன் வேறு மாதிரி தெரிகிறது?

காரணம் தூரம். கேமராவுக்குக் காதைவிட மூக்கு பக்கத்தில் இருக்கிறது. 12 அங்குலத்தில் எடுக்கும் செல்ஃபியில் மூக்கு சுமார் 30% அகலமாகத் தெரியும், 5 அடியில் அந்த மாற்றம் தெரியாது என 2018-ல் வெளியான அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது. செல்ஃபியைக் காட்டி மூக்கு ஆபரேஷன் கேட்டு வந்தவர்களும் உண்டு!

என்ன செய்யலாம்?

தூரம்: போனை 5 அடி தள்ளி, கண் மட்டத்தில் வையுங்க. டைமர் போதும்.

போஸ்: உடம்பை லேசாகத் திருப்பி, முகத்தை மட்டும் கேமரா பக்கம் காட்டுங்க.

வெளிச்சம்: ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும், டியூப்லைட்டை அணைச்சிடுங்க. மறுபக்கம் நிழல் அதிகமா? வெள்ளை வேட்டியை விரிச்சுப் பிடிங்க.

கிராப்: நெஞ்சு வரை வெட்டுங்க. படம் வட்டமாகத் தெரியும் என்பதால், தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விடுங்க.

புனே லோஹேகாவ்வாசிகளுக்கு: அங்கே இருப்பது விமானப்படைத் தளம். அதைப் பின்னணியாக வைக்காதீங்க; வீட்டு ஜன்னலே போதும்.