குற்றம் குணமாகும் ஒலி

சீவக சிந்தாமணியைப் பயின்றவர்கள் காந்தருவதத்தையார் இலம்பகத்தில் வரும் யாழ்ப்போரை மறந்திருக்க மாட்டார்கள். சீவகன் முன்னே யாழ்கள் கொண்டுவந்து வைக்கப்படுகின்றன. அவன் எதனையும் எளிதில் ஏற்கவில்லை. ஒன்றன் மரம் நீரில் நின்று கெட்டது என்கிறான். மற்றொன்றன் மரம் இடியுண்டது என்கிறான். நரம்பின் முறுக்கை நெகிழ்த்து உள்ளே கிடந்த மயிரையும் எடுத்துக் காட்டுகிறான். யாழின் அழகில் அவன் மயங்கவில்லை. அதனைக் கொணர்ந்தவர் யார் என்றும் கேட்கவில்லை. கையும் காதும் கொண்டு ஆராய்ந்த பின்னரே தக்கதைக் கொள்கிறான்.

இத்தகைய ஆராய்ச்சி இன்று நம் இளைஞர்க்கும் தேவைப்படுகிறது. மின்கிட்டார் பழகும் மாணவன் ஒருவன் சில மாதங்களில், "ஓவர்டிரைவ் பெடல் வாங்கவேண்டும்" என்பான். அதன் விலை சில நூறு வெள்ளியாகவும் இருக்கலாம். ஆயிரம் வெள்ளியைத் தாண்டவும் செய்யலாம். உழைத்துச் சேர்த்த பணத்தை எதற்குக் கொடுக்கிறோம் என்பதை அவனும் அறியவேண்டும். அவனுக்கு அறிவுரை கூறும் பெற்றோரும் ஆசிரியரும் அறியவேண்டும்.

ஜொகூர், மின்கிட்டாருக்குப் புதிய இடம் அன்று. மலாய் ராக் இசையில் பெரும்புகழ் பெற்ற 'சர்ச்' குழு 1981இல் ஜொகூர் பாருவில் தோன்றியது. 1989இல் வெளிவந்த அக்குழுவின் 'இசபெல்லா' என்னும் பாடல் மலேசியாவைக் கடந்து இந்தோனேசியாவிலும் பரவியது. ராக் இசையில் கிட்டாரின் ஒலி தடித்து, நீண்டு, சற்றே கரகரத்துக் கேட்கும். அக்கரகரப்பை அளவோடு உண்டாக்கித் தரும் சிறு பெட்டியே ஓவர்டிரைவ் பெடல். கிட்டாருக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே தரையில் வைத்துக் காலால் அழுத்தி இயக்குவதால் இதற்குப் பெடல் என்று பெயர்.

பழுதிலே பிறந்தது

கரகரப்பு என்பது குற்றம் அன்றோ? அதனை விலைகொடுத்து வாங்குவார் உண்டோ? இவ்வினா எழுவது இயல்பே. முதலில் இது குற்றமாகத்தான் தோன்றியது. 1951இல் அமெரிக்காவின் மெம்பிசு நகரில் 'ராக்கெட் 88' என்னும் பாடலைப் பதிவு செய்தபோது, கிட்டாரின் ஒலிபெருக்கி பழுதுபட்டிருந்தது. கிழிந்த கூம்பில் காகிதத்தை அடைத்து ஒப்பேற்றினர். அந்தக் கரகரப்பே பாட்டுக்கு உயிராயிற்று. பின்னர் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்சின் பாடலொன்றைப் பதிவு செய்கையில், கலக்கும் கருவியின் ஒரு பகுதி கெட்டு ஒலியைச் சிதைத்தது. அதனையும் நீக்காமல் வைத்துக்கொண்டனர். அச்சிதைவைப் பெட்டிக்குள் அடக்கி, 1962இல் 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்னும் பெடல் விற்பனைக்கு வந்தது. 1964இல் இங்கிலாந்தின் டேவ் டேவிஸ் தம் ஒலிபெருக்கியின் கூம்பைச் சவர அலகால் தாமே கீறிக்கொண்டார்!

இது மேனாட்டாரின் விந்தை என்று நாம் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தம்பூராவின் குதிரைமேல் கம்பிக்கு அடியில் மெல்லிய நூலொன்றை இடுகிறோம். ஏன்? கம்பி குதிரையின் பரப்பை உரசி உரசி அதிரும்போது மேற்சுரங்கள் பல கிளர்ந்தெழுகின்றன. நூலைச் சற்றே நகர்த்தினால் ஒலி செத்துவிடுகிறது. சரியான இடத்தில் நின்றால் கருவி உயிர்பெற்று ரீங்கரிக்கிறது. நம் ஊர்த் திருவிழாக்களில் முழங்கும் உறுமியும் வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்துத்தானே உறுமுகிறது? யாழ் நரம்பிலே மயிர் இருந்தால் குற்றம். தம்பூராக் கம்பியின் கீழே நூல் இருந்தால் குணம். குற்றத்தைக் குணமாக்குவது அளவும் இடமுமே. ஓவர்டிரைவ் பெடலைத் தேர்வதும் இந்த அளவையும் இடத்தையும் தேர்வதே ஆகும்.

அலையின் தலை மழுங்குதல்

கிட்டார்க் கம்பியின் அதிர்வு காந்தச் சுருளில் மின்னலையாக மாறுகிறது. அந்த அலை மேலும் கீழும் வளைந்து செல்கிறது. ஒரு கருவி தாங்கும் அளவுக்குமேல் அலையைப் பெருக்கினால், அலையின் முடியும் அடியும் வெட்டுண்டு மழுங்குகின்றன. பழைய வால்வு ஒலிபெருக்கிகளை முழு வலிவில் முடுக்கியபோது நேர்ந்தது இதுதான். பெடலில் இவ்வேலையை டையோடு என்னும் சிறு உறுப்புகள் செய்கின்றன. சிலிக்கான் டையோடு ஏறத்தாழ 0.6 வோல்ட்டில் வழிதிறந்துவிடுவதால், அலை அதற்குமேல் உயர இயலாது.

இதனால் இரண்டு விளைவுகள் உண்டாகின்றன. முதலாவது, மழுங்கிய அலையில் புதிய மேற்சுரங்கள் பிறக்கின்றன. மேலும் கீழும் ஒரே அளவாக வெட்டினால் மூன்று, ஐந்து, ஏழு மடங்கு அதிர்வெண்கள் மிகுகின்றன. அடிப்படை ஒலியைச் சட்சமம், அதாவது குரல், எனக் கொண்டால், மூன்றாம் மடங்கு மேல் நிலையில் பஞ்சமம் ஆகிய இளி. ஐந்தாம் மடங்கு காந்தாரம் ஆகிய கைக்கிளை. ஒருபுறம் அதிகமாகவும் மறுபுறம் குறைவாகவும் வெட்டினாலோ, இரண்டாம், நான்காம் மடங்குகளான மேற்சட்சமங்களும் வந்து சேர்கின்றன.

இரண்டாவது, ஒலியின் நீட்சி. கம்பியை மீட்டிய கணத்தில் அலை பெரிதாக எழுகிறது, பின்பு தேய்கிறது. பெரிய அலை வெட்டுண்டு, தேயும் அலையும் அதே உயரத்துக்குப் பெருக்கப்படுவதால், ஒலி நெடுநேரம் ஒரே வலிவில் நிற்பதாகத் தோன்றுகிறது. கமகத்தை உயிராகக் கொண்ட நம் இசைக்கு இது பெரிதும் பயன்படுவது. மாண்டலின் சீனிவாஸ் (1969-2014) மின் மாண்டலினைக் கையாண்டது, ஒலி நீண்டு கமகத்துக்கு இடம் தரவேண்டும் என்பதற்காகவே. அவர் கொண்டது தெளிந்த ஒலி. கருநாடக இசையை மின்கிட்டாரில் வாசிக்கும் பிரசன்னா, ஜிமி ஹென்ட்ரிக்சைப் போற்றி 2006இல் வெளியிட்ட 'எலக்ட்ரிக் கணேஷா லேண்ட்' என்னும் தொகுப்பில் ராக் இசையின் ஒலியையும் நம் இராகங்களையும் ஒருங்கே காணலாம்.

இரு சுரங்கள் சேரும்போது

ஒரு கம்பியை மட்டும் மீட்டினால் இனிக்கும் கரகரப்பு, பல கம்பிகளைச் சேர்த்து மீட்டினால் குழம்பிப்போவது ஏன்? வெட்டுண்ட அலையில் இரு சுரங்களின் அதிர்வெண் வேறுபாடும் ஒரு தனி ஒலியாகக் கேட்கும். சட்சமம் 200 என்றும் பஞ்சமம் 300 என்றும் கொள்க. வேறுபாடு 100, அது கீழ்ச்சட்சமம். ஆகவே சட்சமமும் பஞ்சமமும் சேர்ந்தால் ஒலி கட்டுக்கோப்பாகத் தடிக்கிறது. ராக் கிட்டார்க்காரர் இவ்விரண்டையே பெரிதும் சேர்த்து மீட்டுவதன் காரணம் இதுவே.

காந்தாரத்தைச் சேர்த்தால் நிலை வேறு. இயற்கைக் காந்தாரம் 250. கிட்டாரின் சுரத்தானங்களோ சம இடைவெளியில் அமைந்தவை; ஆதலின் அதில் கிடைப்பது ஏறத்தாழ 252. வேறுபாடு 50 என்று வந்து சட்சமத்தோடு பொருந்தாமல், 52 என்று வந்து உறுத்துகிறது. கரகரப்பு மிக மிக இவ்வுறுத்தலும் மிகும். எனவே பல சுரங்களைச் சேர்த்து மீட்டுபவனுக்கு மென்மையான ஓவர்டிரைவே ஏற்றது.

பெயர் பல, குடும்பம் சில

கடையிலுள்ள பெயர்களோ நூற்றுக்கணக்கானவை. ஆயினும் உள்ளமைப்பை நோக்கினால் பெரும்பாலானவை நான்கைந்து குடும்பங்களுள் அடங்கிவிடும்.

ஜப்பானின் பாஸ் நிறுவனம் 1977இல் வெளியிட்ட ஓடி-1 என்னும் பெடல், ஒருபுறம் இரண்டு டையோடும் மறுபுறம் ஒன்றும் வைத்து, அலையைச் சமமற்று வெட்டுவது. 1981இல் வந்த எஸ்டி-1 அதன் வழித்தோன்றல். இபனெஸ் நிறுவனத்தின் 'டியூப் ஸ்கிரீமர்' இருபுறமும் சமமாக வெட்டுவது. அது ஏறத்தாழ 720 அதிர்வெண்ணுக்குக் கீழுள்ள மந்த ஒலிகளை அவ்வளவாகப் பெருக்காமல், நடு ஒலியை முன்னே தள்ளும். கிட்டாரின் அடிக்கம்பி 82 அதிர்வெண்ணில் ஒலிப்பது என்பதை நினைத்தால், எவ்வளவு மந்தம் பின்னிடுகிறது என்பது விளங்கும்.

மார்ஷல் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் வெளியிட்ட 'புளூஸ்பிரேக்கர்' வேறொரு குடும்பத்துக்கு முதல்வன். கிட்டாரின் இயல்பொலியை அதிகம் மாற்றாமல் இலேசாக முறுக்குவது அதன் தன்மை. அமெரிக்காவில் அனலாக் மேன் என்பார் கையால் செய்யும் 'கிங் ஆஃப் டோன்' இவ்வழி வந்தது. பெயர் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்கியவர் பலர்.

இன்னொன்று, பில் ஃபினகன் என்பார் 1994 முதல் செய்துவந்த 'கிளான் செண்டார்'. கரகரத்த ஒலியோடு தெளிந்த ஒலியையும் கலந்து தருவது அதன் தனித்தன்மை. ஏறத்தாழ 8,000 மட்டுமே செய்யப்பட்டன. உள்ளமைப்பைப் பிறர் காணாதபடி பிசின் ஊற்றி மூடினார் அவர். அருமையும் மறைவும் சேர்ந்து, பழைய பெட்டியொன்று பல்லாயிரம் வெள்ளிக்கு விற்கும் நிலை வந்தது. பிற்காலத்தில் அந்த அமைப்பைப் பிறர் கண்டறிந்தனர். அதே வழியில் செய்த மலிவான பெடல்களும் வந்தன. ஃபினகனே 2012இல் வெளியிட்ட புதிய வடிவத்தின் மேல், இந்த ஆரவாரம் தாம் உண்டாக்கியதன்று என்னும் கருத்தை அச்சிட்டிருந்தார்!

இவ்வாறு சிறு பட்டறைகளில் கையால் செய்யப்படுபவற்றையே 'பூட்டிக்' பெடல்கள் என்கின்றனர். அவற்றுக்குத் தரும் மிகை விலை எதற்கு? நல்ல உறுப்புகள், உறுதியான பெட்டி, செய்தவரின் கைவேலை, பழுதானால் திருத்தித் தரும் பொறுப்பு ஆகியவற்றுக்குத் தருகிறோம், அது தகும். மீண்டும் விற்றால் நல்ல விலை கிடைப்பதும் உண்டு. ஆனால் வேறெங்கும் கிடைக்காத மந்திர ஒலி அதற்குள் உண்டு என்று எண்ணித் தருவதாயின், அது பெயருக்குத் தரும் காணிக்கையே. பாஸ் பெடல்கள் முன்பு ஜப்பானிலும் பின்பு தைவானிலும் செய்யப்பட்டன. அண்மை ஆண்டுகளில் வந்த பலவற்றின் அடியில் மலேசியத் தயாரிப்பு என்னும் குறிப்பைக் காணலாம். நம் நாட்டுத் தொழிலாளர் கைபட்ட எளிய பெட்டியை உலகத்தார் வாங்கி வாசிக்க, நம் பிள்ளை அதனைத் தாழ்வாக எண்ண வேண்டுமா?

சோதிக்கும் முறை

முதலில், தன்னிடமுள்ள ஒலிபெருக்கி எத்தகையது என்று பார்க்கவேண்டும். வால்வு ஒலிபெருக்கியாயின், பெடலின் முறுக்கைக் குறைத்து ஒலியளவைக் கூட்டி, ஒலிபெருக்கியையே கரகரக்கச் செய்யலாம். சிறிய டிரான்சிஸ்டர் ஒலிபெருக்கியாயின் வேலை முழுவதையும் பெடலே செய்யவேண்டும். அங்கே மென்மையாக வெட்டும் பெடல் நலம்.

இரண்டாவது, யாரோடு வாசிக்கிறோம் என்பது. வீட்டில் தனியே கேட்கையில் டியூப் ஸ்கிரீமரின் ஒலி மெலிந்து தோன்றும். டிரம்சும் கீபோர்டும் பேஸ் கிட்டாரும் முழங்கும் மேடையிலோ, அந்த நடு ஒலியே கிட்டாரைக் கேட்கச் செய்யும். வீட்டில் நிறைவாக ஒலித்த பெடல் மேடையில் அமிழ்ந்துபோவதும் உண்டு. எனவே மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்குக் கிடைக்கும் ஜேமிங் ஸ்டூடியோவில், தன் குழுவோடு ஒருமுறை வாசித்துப் பார்த்தல் நன்று. நண்பரிடம் இரவல் பெற்றால் செலவும் இல்லை.

மூன்றாவது, ஒலியளவைச் சமப்படுத்துதல். சற்றே உரத்து ஒலிப்பதைச் சிறந்தது என்று எண்ணுவது காதின் இயல்பு. பெடலை இயக்கும்போதும் நிறுத்தும்போதும் ஒரே வலிவில் கேட்குமாறு வைத்துக்கொண்டு ஒப்பிடவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு பெடல்களை நண்பர் மாற்றி மாற்றி இயக்கக் கேட்டால் இன்னும் நன்று. விலையையும் பெயரையும் காண்பது கண். காது அவற்றை அறியாது.

நான்காவது, எதை வாசித்துப் பார்ப்பது? வேகமான உருப்படிகள் வேண்டா. ஒரு கம்பியை இழுத்து நீண்ட கமகம் ஒன்று. சட்சமமும் பஞ்சமமும் சேர்த்து ஒன்று. காந்தாரத்தையும் சேர்த்து ஒன்று. பின்பு கிட்டாரின் ஒலியளவைப் பாதியாகக் குறைத்து மெல்ல மீட்டுக. நல்ல ஓவர்டிரைவ் அப்போது தெளியும், அழுத்தி மீட்டினால் மீண்டும் முறுகும். கைக்கு ஏற்ப ஒலி மாறுகிறதா என்பதே தலையாய சோதனை. மெல்ல மீட்டினும் அழுத்தி மீட்டினும் ஒரே ஒலி வருமாயின், அங்கே வாசிப்பது பெட்டியே அன்றி வாசிப்பவன் அல்லன்.

இந்நான்கையும் செய்தபின் விலையுயர்ந்த பெடலே தக்கது என்று காது கூறுமானால், பொருள் உள்ளவர் தாராளமாக வாங்கலாம். எளிய பெடலே போதும் என்று கூறினால், மிஞ்சிய பணத்தில் ஆசிரியர் ஒருவரிடம் சில மாதம் பாடம் கேட்கலாம். பெடல் தருவது கரகரப்பின் அளவை மட்டுமே. எந்தச் சுரத்தில் நின்று, எவ்வளவு நேரம் இழைய வேண்டும் என்பதை விரல்கள்தாம் பழகிக்கொள்ள வேண்டும். அது விலைக்குக் கிடைப்பதன்று.